பல்லக்கில் போகும் உலோகம்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் வின்னிங்டன் என்றொரு ஊர். 1880களில் அங்கிருந்த சோடா ஆலையில் வால்வுகள் அடிக்கடி மக்கர் செய்தன. சூடான ரசாயன ஆவி போகும் பாதையில் இரும்பு தாங்காது என்று, கூடுதல் விலை கொடுத்து நிக்கலில் செய்த வால்வுகளைப் பொருத்தியிருந்தார்கள். நிக்கல் அவ்வளவு எளிதில் அரிபடாது. அப்படியும் அவை இறுக மூடாமல் கசிந்தன. கழற்றிப் பார்த்தால் மேலெல்லாம் கறுப்பாக ஒரு பொருக்கு.

பழுதான வால்வைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி வேலையைத் தொடர்வதுதான் எந்த ஆலையிலும் வழக்கம். இந்த ஆலையின் பங்குதாரர் லுட்விக் மோண்ட், ஜெர்மனியின் காசெல் நகரில் பிறந்து 1862இல் இங்கிலாந்துக்கு வந்த வேதியியலாளர். அந்தப் பொருக்கு என்ன என்று சோதிக்கச் சொன்னார். கரி இருந்தது. வெறும் வாயு போகும் வழியில் கரி எப்படி வந்தது? அம்மோனியாவைத் துரத்துவதற்காக ஊதிய கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. அதற்கும் நிக்கலுக்கும் இடையில் ஏதோ நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

லண்டனில் மோண்டின் வீட்டுக் குதிரை லாயம்தான் அவருடைய ஆய்வுக்கூடம். அங்கே கார்ல் லாங்கர், ஃபிரெடரிக் குவிங்கே என்ற இரு உதவியாளர்கள் ஒரு கண்ணாடிக் குழாயில் நிக்கல் பொடியை வைத்துச் சூடாக்கி, அதன்மேல் கார்பன் மோனாக்சைடை ஓடவிட்டார்கள். அது நச்சு வாயு. அறைக்குள் பரவக் கூடாதென்று குழாயின் மறுமுனையில் வெளியேறும் வாயுவைக் கொளுத்திவிட்டார்கள். மோனாக்சைடு எரிந்தால் மங்கலான நீலச் சுடர் வரும். 1889இல் ஒருநாள் வேலை முடிந்து குழாய் ஆறிக்கொண்டிருந்தபோது அந்தச் சுடர் பிரகாசமாகி, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறியது. குழாய் இன்னும் குளிர்ந்ததும் பழைய நீலத்துக்கே திரும்பிவிட்டது.

முதலில் ஆர்செனிக் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். சுடரில் குளிர்ந்த பீங்கான் தட்டைக் காட்டினார்கள். உலோகப் புள்ளிகள் படிந்தன. ஆர்செனிக்கும் இப்படித்தான் படியும். பிறகு வாயு வெளியேறும் கண்ணாடிக் குழாயை வெளியிலிருந்து சூடாக்கினார்கள். உள்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளவென்று ஒரு பூச்சு படிந்தது. அதைச் சோதித்தபோது கிடைத்தது நிக்கல். 1,455 டிகிரியில் உருகும் ஒரு கனமான உலோகம், வெந்நீர்ச் சூட்டில் காற்றோடு காற்றாகக் கிளம்பிப் போய் வேறோர் இடத்தில் இறங்கியிருக்கிறது. உலோகவியலின் வரலாற்றில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு நிக்கல் அணுவை நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. பல்லக்கில் ஒருவர், தூக்குவதற்கு நால்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேர்மத்துக்கு நிக்கல் கார்பனைல் என்று பெயர். குளிரவைத்தால் நிறமில்லாத திரவம். 43 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். 50, 60 டிகிரி சூட்டில் பல்லக்கு கிளம்புகிறது. 180 டிகிரி வாக்கில் நால்வரும் கைவிட்டு விலக, நிக்கல் அப்படியே இறங்கிவிடுகிறது. விலகிய நால்வரும் அடுத்த சவாரிக்குத் தயார். மோண்ட் கனமான உலோகத்துக்குச் சிறகு கொடுத்துவிட்டார் என்று கெல்வின் பிரபு வியந்ததாகச் சொல்வார்கள்.

இதில் தொழிலுக்கு என்ன லாபம் என்று புரிய, நிக்கலின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது தனியாக இருக்கப் பிடிக்காத உலோகம். தாதுவில் இரும்பு, செம்பு, கோபால்ட் என்று எப்போதும் துணையோடுதான் இருக்கும். செம்பு நிறத்தில் மின்னிய ஒரு கல்லிலிருந்து செம்பே வராததால், ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளிகள் ஏதோ குட்டிப்பிசாசு செம்பைத் திருடிவிட்டதென்று நம்பினார்கள். அந்தப் பிசாசின் பெயர்தான் நிக்கல். 1751இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்செல் குரோன்ஸ்டெட் அதுவரை அறியாத உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்துவிட்டு, அந்த வசைப்பெயரையே அதற்கு வைத்துவிட்டார்.

1883இல் கனடாவில் பசிபிக் ரயில் பாதைக்காகப் பாறையைப் பிளந்தபோது சட்பரியில் பெரிய தாதுப் படிவம் வெளிப்பட்டது. 185 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் விழுந்த பள்ளம் அது. செம்பு என்று நினைத்துத் தோண்டினார்கள். செம்போடு நிக்கலும் கிடைத்தது. இரண்டையும் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அமெரிக்காவின் ஆர்ஃபோர்டு நிறுவனம் உருகிய கலவையில் சோடியம் சல்பைடைச் சேர்த்து ஆறவிட்டது. செம்பு மேலே மிதந்தது, நிக்கல் அடியில் தங்கியது. நடுவில் சுத்தியலால் அடித்துப் பிளந்தார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தாலும் சுத்தமான நிக்கல் கிடைத்துவிடாது.

மோண்டின் பல்லக்கிலோ செம்பு ஏறவே ஏறாது. அவர் சட்பரியில் சுரங்கம் வாங்கி, வேல்ஸ் நாட்டின் கிளைடாக் என்ற ஊரில் ஆலை கட்டினார். 1902இல் அது ஓடத் தொடங்கியது. உள்ளே நடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். சிறு நிக்கல் குருணைகள் ஒரு சூடான கோபுரத்துக்குள் மெல்ல மெல்ல இறங்குகின்றன. எதிரே வரும் கார்பனைல் ஆவி அவற்றின் மேல் பட்டுப் பிரிந்து மெல்லிய நிக்கல் படலமாகப் படிகிறது. கீழே வந்த குருணைகளை அள்ளி மறுபடி மேலே கொட்டுகிறார்கள். சுற்றச் சுற்றக் குருணை பருக்கிறது. பருத்த குருணை ஒன்றை நடுவில் அறுத்துப் பார்த்தால் வெங்காயத்தை வெட்டினாற்போல் அடுக்கடுக்கான வளையங்கள். ஒவ்வொரு வளையமும் அந்த உலோகம் காற்றில் வந்து இறங்கிய ஒரு தடம். நூற்றில் ஒரு பங்கு மாசுகூட இருக்காது. 120 ஆண்டுகளைத் தாண்டி, கை மாறி மாறி, அந்த ஆலை இன்னும் ஓடுகிறது.

இந்தச் சிறகுக்கு மனிதர்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். நிக்கல் கார்பனைல் மிகக் கொடிய நஞ்சு. அது தாக்கும் விதமும் ஏமாற்று வித்தைதான். சுவாசித்தவுடன் தலைவலியும் குமட்டலும் வரும். வெளிக்காற்றில் நின்றால் தெளிந்துவிடும். பிழைத்தோம் என்று வீட்டுக்குப் போனவருக்கு அரை நாளோ ஒரு நாளோ கழித்து நெஞ்சு அடைத்து மூச்சுத் திணறும். ஆலை தொடங்கிய காலத்திலேயே தொழிலாளர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். மூக்கிலும் நுரையீரலிலும் புற்றுநோய் வந்து இறந்தவர்கள் வேறு. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவிய அதே ரிச்சர்ட் டால்தான், நிக்கல் தொழிலாளர்களின் இறப்புகளையும் கணக்கெடுத்து 1958இல் வெளியிட்டார். அந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் கார்பனைல் அல்ல, தாதுவை வறுக்கும் பிரிவில் பறந்த தூசி என்பது பின்னால் தெளிவானது. பழைய முறைகள் மாறிய பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நோய் வெகுவாகக் குறைந்தது. தூசியை அடக்க ஒரு தலைமுறை ஆயிற்று என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

செம்பையும் நிக்கலையும் பிரிக்கச் சட்பரியில் இன்னொரு வழி பிறந்தது. இதற்கு ரசாயனம்கூட வேண்டாம், பொறுமை போதும். வெண்ணெயை உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால் நெய் கட்டியாக உறைந்துவிடும்; அடுப்பை அணைத்து, அதன் போக்கில் ஆறவிட்டால் மணல் மணலாகத் திரளும். உருகிய நிக்கல், செம்பு, கந்தகக் கலவையிலும் அதுவே நடக்கிறது. பெரிய அச்சுகளில் ஊற்றி, மேலே மூடி போட்டு, மூன்று நான்கு நாள் மெதுவாக ஆறவிடுகிறார்கள். செம்பு சல்பைடு தனி மணியாகவும் நிக்கல் சல்பைடு தனி மணியாகவும் திரள்கின்றன. மூன்றாவதாக, கந்தகம் சேராத உலோக மணிகள் கொஞ்சம் உண்டாகின்றன. பொடித்தபின் இந்த மூன்றாவது வகையைக் காந்தத்தால் இழுத்துவிடலாம். கலவையில் இருந்த பிளாட்டினம், பல்லேடியம், தங்கம் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் ஒதுங்கியிருக்கும். செம்பையும் நிக்கலையும் நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்துவிடுவார்கள்.

அதற்கு முந்தைய காலத்தில் சட்பரியில் தாதுவை விறகின் மேல் மலைபோலக் குவித்து மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகையில் காடு செத்து, பாறைகள் கறுத்துப்போயின. 1949இல் ஃபின்லாந்தின் ஹர்யாவல்டா ஆலை வேறு வகை உலையைக் கொண்டுவந்தது. போருக்குப் பிந்தைய மின்சாரப் பஞ்சம்தான் காரணம். மாவாக அரைத்த தாதுவைக் காற்றோடு சேர்த்து உலைக்குள் தூவினால் அதிலுள்ள கந்தகமே விறகாகிக் குபீரென்று எரிந்து உருக்கிவிடும். முதலில் செம்புக்கு, பத்தாண்டு கழித்து நிக்கலுக்கு. வெளியேறும் கந்தக டை ஆக்சைடு அடர்த்தியாக வருவதால் அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்குவதும் சுலபமாயிற்று. சட்பரி மக்கள் 1978 முதல் பாறை நிலத்தில் சுண்ணாம்பைத் தூவிக் கன்று நட்டுவருகிறார்கள். ஒரு கோடி மரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தெடுத்த நிக்கல் எங்கே போகிறது? ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, அதாவது நம் எவர்சில்வருக்கு. பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாவிட்டால்தான் நல்ல எவர்சில்வர் என்பார்கள். இரும்பு காந்தத்தில் ஒட்டும், நிக்கலும் ஒட்டும். இரும்போடு நூற்றுக்குப் பதினெட்டு குரோமியமும் எட்டு நிக்கலும் சேர்ந்தால் ஒட்டாது. நிக்கல் உள்ளே புகுந்து இரும்பு அணுக்களின் அடுக்குமுறையையே மாற்றிவிடுவதுதான் காரணம். அந்த அடுக்கால்தான் தகடு விரிசல் விடாமல் சொம்பாகவும் டம்ளராகவும் வளைகிறது. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து, குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தத்தை அதன் மடித்த விளிம்பில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதியில் பிடிக்காத காந்தம் அங்கே லேசாக இழுக்கலாம். அழுத்தி மடித்த இடத்தில் அடுக்கு குலைந்துவிட்டதன் அடையாளம் அது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த மலிவு ரகமும் காந்தத்தில் ஒட்டாது. கடைக்காரரின் சோதனை அந்த இடத்தில் உதவாது.

எவர்சில்வருக்கு எப்படியும் இரும்பு வேண்டும். அப்படியிருக்க நிக்கலிலிருந்து இரும்பை ஏன் மெனக்கெட்டுப் பிரிக்க வேண்டும்? இந்தக் கேள்வி இந்த நூற்றாண்டில் தொழிலையே புரட்டிப்போட்டது. 2000களின் நடுவில் நிக்கல் விலை ஏறியபோது, சீன ஆலைகள் வெப்பமண்டலச் செம்மண் தாதுவை நிலக்கரியோடு சேர்த்து அப்படியே உருக்கி, கொஞ்சம் நிக்கல் கலந்த கச்சா இரும்பாக எவர்சில்வர் உலைக்கு அனுப்பத் தொடங்கின. இந்தோனேசியா கச்சாத் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் ஆலைகள் அங்கேயே போயின. சுலவேசித் தீவின் மொரோவாலியில் உருகிய இரும்பு ஆறுவதற்குள் பக்கத்து ஆலையில் எவர்சில்வராகிவிடுகிறது. உலகச் சுரங்க நிக்கலில் பாதிக்கு மேல் இன்று இந்தோனேசியாவிலிருந்துதான் வருகிறது.

தொழில்நுட்பமாக இது மிகச் சாமர்த்தியமான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான மின்சாரத்துக்காக நிலக்கரி எரிகிறது, மலைக்காடு மொட்டையாகிறது. 2023 டிசம்பரில் மொரோவாலியில் ஓர் உலையைப் பழுதுபார்க்கும்போது நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். கிளைடாக்கில் நூறாண்டுக்கு முன் கற்ற பாடம் இங்கே மறுபடி உயிர்களைக் கேட்கிறது.

மின்வாகன பேட்டரிக்கோ சுத்தமான நிக்கல் தேவை. பிரித்தே ஆக வேண்டும். செம்மண் தாதுவை 250 டிகிரியில், காற்றழுத்தத்தைப் போல் நாற்பது மடங்கு அழுத்தத்தில் கந்தக அமிலத்தில் வேகவைக்கிறார்கள். பிரம்மாண்டமான பிரஷர் குக்கர்தான். கியூபாவின் மோவா ஆலை 1959இலேயே இதைச் செய்தது. நிக்கல் கரைசலில் வந்துவிடும். ஒரு டன் நிக்கலுக்கு நூறு டன் அளவுக்குச் செஞ்சேறு மிஞ்சும். மழை கொட்டும், நிலம் அதிரும் தீவுகளில் அதை எங்கே கொட்டுவது என்பதற்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார் 2025இல் கரியையே விட்டுவிட்டு, மின்வில் உலையில் ஹைட்ரஜன் பிளாஸ்மாவைக் கொண்டு செம்மண் தாதுவிலிருந்து ஒரே படியில் நிக்கல் கலந்த இரும்பை எடுத்துக் காட்டினார்கள். ஹைட்ரஜனும் மின்சாரமும் மாசில்லாமல் கிடைத்தால் கார்பன் உமிழ்வு 84 சதவீதம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. இது ஆய்வுக்கூட உலையில் நடந்தது. பேருலைக்குப் போக நாளாகும்.

இந்தியாவில் தாதுவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒடிசாவின் சுகிந்தாவில் குரோமியச் சுரங்கத்தின் மேல்மண்ணில் நிக்கல் இருக்கிறது. பல பத்தாண்டு ஆய்வு நடந்தும் கட்டுப்படியாகிற விலையில் அது வெளியே வரவில்லை. நம் ஆலைகள் இறக்குமதி நிக்கலையும், கூடவே பழைய எவர்சில்வரையும் நம்பியிருக்கின்றன. நசுங்கிய குடம், காது உடைந்த வாணலி, மூடி தொலைந்த தூக்கு என்று பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வருகிறோமே, அந்தப் பழசுதான். உலையில் அது உருகும்போது உள்ளிருக்கும் நிக்கல் ஆவியாவதுமில்லை, கசடில் கலப்பதுமில்லை. இரும்போடும் குரோமியத்தோடும் சேர்ந்தே கிடந்து, சேர்ந்தே அடுத்த தகடாக வெளியே வருகிறது.