கேட்காமலே கேட்கப்படும் சிறுநீரகம்

உறவினருக்காகத் தானம் செய்ய முன்வருபவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது?

சிறுநீரகம் கொடு என்று குடும்பத்தில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆன பிறகு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் ரத்தப் பிரிவும் தானாகவே பேச்சில் அடிபடத் தொடங்கிவிடும். அண்ணனுக்குச் சர்க்கரை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. தம்பி இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறான். கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா.

இது வெறும் ஊகமல்ல. 2023-ல் இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு தானம் செய்தவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். உறுப்பைப் பெற்றவர்களில் ஆண்களே பெரும்பான்மை. 'சம்பாதிக்கிறவர் பிழைக்க வேண்டும்' என்பது குடும்பங்கள் சொல்லும் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நோயாளி மனைவியாக இருக்கும்போது, அந்த வீட்டில் ரத்தப் பிரிவு பற்றிய பேச்சு அத்தனை சுறுசுறுப்பாக நடப்பதில்லை.

1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் குறி வைத்தது சிறுநீரக வியாபாரத்தை. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோரை அது நெருங்கிய உறவினர் என்றது. 2011-ல் செய்யப்பட்ட திருத்தம் தாத்தா பாட்டியையும் பேரன் பேத்தியையும் சேர்த்தது. மற்ற எவரும் அனுமதிக் குழுவின் முன் உட்கார்ந்து, பணம் கைமாறவில்லை, பாசத்தால்தான் கொடுக்கிறேன் என்று விளக்க வேண்டும். 1984-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி. அதே தானம் இன்று இந்தியாவில் நடந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் நெருங்கிய உறவினர் அல்ல. 2022-ல் சிங்கப்பூரில் லாலு பிரசாத்துக்குக் கொடுத்த மகள் ரோகிணிக்கு அந்தச் சிக்கல் எழாது.

வியாபாரத்தைப் பிடிக்கச் சட்டத்துக்குத் தெரியும். மாமியாரின் மௌனத்தைப் பிடிக்கத் தெரியாது. அதனால்தான் 2014-ன் விதிகளில் உள்ள ஒரு வரி முக்கியமானது: கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை, அவருடைய சுயேச்சையான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும். தாளில் நல்ல வரி. அந்த 'வேறொருவர்' நோயாளியின் அண்ணனாக இருந்தால் என்ன பயன் என்பது வேறு விஷயம்.

ஆபத்து எவ்வளவு? இரண்டு தரப்பும் மிகைப்படுத்தும் கேள்வி இது. 1994 முதல் 2009 வரை அமெரிக்காவில் தானம் செய்த 80,000-க்கும் அதிகமானோரை ஆராய்ந்ததில், 10,000 பேருக்கு மூவர் 90 நாட்களுக்குள் இறந்திருந்தனர். 2013-க்குப் பிந்தைய பத்தாண்டில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு பெரிய வெட்டுக்காயமும் குறைந்தது. மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் சுமார் 70 சதவீதத்தைச் செய்யும். 1954-ல் பாஸ்டனில் இரட்டைச் சகோதரருக்குக் கொடுத்த ரொனால்ட் ஹெரிக், அதன்பின் 56 ஆண்டுகள் வாழ்ந்து 79-வது வயதில் இறந்தார். பெற்றவர் வாழ்ந்தது எட்டு ஆண்டுகள்.

ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்பதும் பொய். கொடையாளருக்கே பின்னாளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, அமெரிக்கக் கணக்குப்படி, ஆயுள் முழுதும் 10,000-க்கு 90. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14. இன்னும் குழந்தை பெறாத பெண்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு: கனடாவில் நடந்த ஆய்வில், தானம் செய்தபின் கருவுற்றவர்களில் 11 சதவீதத்தினருக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்புத் தொல்லை வந்தது, மற்றவர்களில் 5 சதவீதம். கல்யாணமாகாத தங்கையைக் கைகாட்டும் குடும்பங்கள் இதை விசாரிப்பதே இல்லை.

கொடுக்க மனமில்லாதவருக்குத் தப்பிக்க வழி உண்டா? உண்டு. மருத்துவர்களின் பழைய உபாயம் அது. கொடையாளரைத் தனியாக அழைத்துப் பேசி, தயக்கம் தெரிந்தால், 'மருத்துவரீதியாகப் பொருத்தமில்லை' என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லிவிடுவார்கள். மருத்துவர் பொய் சொல்லலாமா என்று அறநெறி பேசுபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் 'கொடுக்க மறுத்தவள்' என்ற பட்டத்துடன் அதே வீட்டில் முப்பது வருடம் வாழ வேண்டியது அவர்கள் அல்ல. கையெழுத்துப் போட்ட பிறகும், அறுவைக்கு முன் எந்த நிமிடத்திலும், சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இது பலருக்குத் தெரியாது.

மனமிருந்தும் ரத்தப் பிரிவு பொருந்தாதவர்களுக்கு 2011-ன் திருத்தம் பரிமாற்றத்தை அனுமதித்தது. இந்த வீட்டு மனைவியின் சிறுநீரகம் அந்த வீட்டுக் கணவருக்கு, அந்த வீட்டு மனைவியுடையது இங்கே.

பிறகு, வீடு திரும்பும் நாள். மத்திய அரசு ஊழியர் தானம் செய்தால் 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று 2023-ல் உத்தரவானது. இல்லத்தரசிக்கு எந்த உத்தரவும் இல்லை. சுமார் ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் அதில் அடக்கம். ஒரே வீட்டில் இரண்டு பேர் தையலோடு படுத்திருக்கும்போது சமைப்பது யார் என்பதை, ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன்பே பேசி வைத்திருக்கும் குடும்பங்கள் குறைவு.