திருவரங்குளத்து உளுந்து: அன்றும் இன்றும்

அன்று உளுந்து விதைக்கு யாரும் கடையேறியதில்லை. களத்திலேயே திரண்ட மணியாகப் பார்த்து ஒதுக்கி, நன்றாகக் காயவைத்து, சாம்பலில் புரட்டிப் பானையில் கட்டிவைப்பார்கள் வீட்டுப் பெண்கள். விதை இல்லாதவர்களுக்கு அக்கம்பக்கத்தில் கைமாற்று கிடைக்கும்.

தொல்லையெல்லாம் வயலில்தான். துளிரில் மஞ்சள் புள்ளி விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயல் முழுக்க மஞ்சளித்துவிடும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் அது. மருந்தடித்தால் ஈ சாகும். செடிக்குள் புகுந்துவிட்ட நச்சுயிரியை ஒன்றும் செய்ய முடியாது. தப்பிய செடியிலும் காய்கள் ஒன்றுபோல் முற்றாது. முற்றியதை விட்டுவைத்தால் வெயிலில் வெடித்து மணி கொட்டிவிடும். அதனால் இரண்டு மூன்று தடவை ஆள்விட்டுப் பறிக்க வேண்டும். விளைந்ததில் பாதி கூலிக்கே போகும் என்ற புலம்பல் சும்மா வந்ததில்லை.

இன்று அதே திருவரங்குளம் ஒன்றியத்தில், வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கிருந்து 2011இல் வந்த வம்பன் 6, பழைய வம்பன் 1 ரகத்தோடு உளுந்தின் காட்டு இனத்தை ஒட்டுச்சேர்த்து உருவானது. 2016இல் வந்த வம்பன் 8 தேமல் நோயைத் தாங்கும். காய்கள் ஒருசேர முற்றும், எளிதில் வெடிக்காது. 65 முதல் 75 நாளுக்குள் செடியோடு அறுத்துக் களத்தில் போட்டு ஒரே மூச்சில் அடித்துவிடலாம்.

புது ரகம் என்றால் மகசூல் கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். ஓரிரு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவரின் கணக்கு வேறு: நோய் விழுந்தால் போட்ட முதலாவது திரும்புமா, எத்தனை தடவை கூலி கொடுக்க வேண்டும்? ஆராய்ச்சி மையம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், பக்கத்து வயல் பச்சையாக நிற்பதைப் பார்த்த பிறகே கை விதைக்கு நீளும். ஏக்கருக்கு 8 கிலோ போதும். உளுந்து தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், விளைந்ததிலிருந்து எடுத்துவைத்தாலும் ரகக் குணம் பெரிதாக மாறாது. ஒருவர் வாங்கிய மூட்டை நாலு வீட்டுக்குப் பரவுவது இப்படித்தான்.

இதில் இழப்பும் உண்டு. எடுத்துவைத்த விதை மறுபடி மறுபடி கைமாறும்போது கலப்பு சேரும். இடையிடையே நீல அட்டை கட்டிய சான்று விதை வாங்கித்தான் ஆக வேண்டும். எந்த எதிர்ப்புத் திறனும் சாசுவதம் இல்லை என்பதால், வம்பன் 8ஐத் தொடர்ந்து அடுத்தடுத்த எண்களில் ரகங்கள் வருகின்றன. அன்று பானையில் இருந்த விதை பட்டத்துக்கு முன்பே தயாராக இருந்தது. இன்று வேளாண் விரிவாக்க மையத்து விதைக்கு இருப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். மானாவாரி நிலத்து ஈரம் அதுவரை காத்திருக்காது. மழை பெய்த வாரத்தில் விதை கைக்குக் கிடைத்தால், புது ரகத்தைப் போடச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.