போட்டோ இல்லை, ஸ்டேட்டஸ் இல்லை... பங்குக் கோயிலில் இருந்து உதவி எப்படி வீடு தேடிப் போகிறது?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நேரில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. மெயின் ரோடு ஓரத்தில் பிரெட் பாக்கெட்டும் பழைய துணியும் குவிந்து கிடக்கும். நாலு சந்து தள்ளி உள்ளே இருக்கும் தெருவுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட வந்திருக்காது. கொடுக்கிற மனசுக்கு அன்று பஞ்சமே இல்லை. யாருக்கு, என்ன, எப்போ தேவை என்ற தகவலுக்குத்தான் பஞ்சம்.

400 வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸில் ஒரு பாதிரியார் இதே பிரச்னையைச் சந்தித்தார். அவர் யோசித்த வழி இன்றைக்கும் தமிழ்நாட்டின் பல கத்தோலிக்கக் கோயில்களில் நடைமுறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, நாலைந்து பேர் மட்டும் கோயில் பக்கத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நோட்டைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அந்த நோட்டின் கதைதான் இது.

ஒரே நாளில் குவிந்த சாப்பாடு

1617 ஆகஸ்ட். பிரான்ஸில் சாத்தியோன் என்ற சிறிய ஊர். அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் வின்சென்ட் தே பவுல். பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்று அவருக்குச் செய்தி வந்தது. அதைப் பிரசங்கத்தில் சொன்னார். அவ்வளவுதான்!

மதியத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு அவர் நடந்து போனபோது, வழியெல்லாம் ஊர்க்காரர்கள் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வின்சென்ட்டுக்குச் சந்தோஷம். கூடவே ஒரு கவலையும் வந்தது. இன்றைக்கே இவ்வளவு வந்துவிட்டது, பாதி கெட்டுப்போகும். அப்புறம் நாளைக்கு? நாளை மறுநாள்?

சில நாள்களில் ஊர்ப் பெண்கள் சிலரைக் கூப்பிட்டுப் பேசினார். யார் எந்த நாள் போவது என்று முறை வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் முறை நாளில் சமைத்து எடுத்துப்போய், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டு வர வேண்டும். இரக்கத்துக்கு டைம்டேபிள் போட்டுவிட்டார்! இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் பல கத்தோலிக்கச் சேவை அமைப்புகளுக்கு இதுதான் விதை.

ஒரு காலேஜ் பையனும் ஒரு கேள்வியும்

அடுத்த காட்சி பாரிஸ். 1832-ல் அந்த நகரத்தில் காலரா 18,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் பாதிப்பு அதிகம். அதே நகரத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார் ஃப்ரெடரிக் ஓசானம். மாணவர்களின் விவாத மேடையில் தன் மதத்துக்காக வாதாடுவது அவர் வழக்கம். ஒரு நாள் எதிர்த்தரப்பில் இருந்து ஒரு கேள்வி வந்தது. 'பழைய பெருமையெல்லாம் சரி, ஏழைகளுக்காக இப்போ நீங்க என்ன செய்றீங்க?' என்பது அதன் சாரம்.

ஓசானத்துக்கு அது சுருக்கென்று குத்தியது. 1833 ஏப்ரல் 23 அன்று நண்பர்களுடன் முதல் கூட்டம் போட்டார். அன்றைக்கு அவருக்கு 20-வது பிறந்தநாள்! வழிகாட்ட வயதில் மூத்த ஒருவரும் இருந்தார்; மொத்தம் ஏழே பேர். யார் வீட்டுக்குப் போவது, எப்படிப் போவது என்று அந்த மாணவர்களுக்குத் தெரியாது. ஏழைகள் வாழ்ந்த பகுதியில் பல வருஷமாக வேலை செய்துவந்த ரோசலி ரெந்து என்ற கன்னியர்தான் முகவரிகளைக் கொடுத்தார்; அந்த வீடுகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

அந்த ஏழு பேர் தொடங்கியதுதான் இன்றைக்குச் சுமார் 150 நாடுகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை. இது சாமியார்களின் சபை இல்லை. ஆசிரியர், கடைக்காரர், ரிட்டயர்டு ஊழியர், இல்லத்தரசி என நம்மைப் போன்ற சாதாரண ஆள்கள்தான் இதன் உறுப்பினர்கள்.

பங்குன்னா என்ன? யார் யார் இருக்காங்க?

ஒரு கோயிலையும் அதைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களையும் சேர்த்துப் 'பங்கு' என்பார்கள். ஷேர் மார்க்கெட் பங்கு இல்லை! பல பங்குகள் சேர்ந்தால் மறைமாவட்டம். அதற்குத் தலைவர் ஆயர். பங்கைக் கவனிக்கும் ஃபாதருக்குப் பங்குத்தந்தை என்று பெயர். ஆயிரம் குடும்பம் இருக்கிற பங்கில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர் ஒருவரால் தெரிந்துகொள்ள முடியுமா? அதற்குத்தான் குழுக்கள்.

அன்பியம்: பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த குழு. ஏதாவது ஒரு வீட்டில் கூடுவார்கள். பைபிள் வாசிப்பு, ஜெபம், கடைசியில் சுண்டலும் டீயும். அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் முக்கியம். 'மூணாவது வீட்டு அக்காவுக்கு ஆபரேஷனாம்', 'அந்தத் தம்பிக்கு வேலை போயிடுச்சாம்' என்ற தகவல்கள் வருவது அப்போதுதான்.

வின்சென்ட் தே பவுல் சபை: பொருள் உதவி இவர்கள் டிபார்ட்மென்ட். அரிசி, மருந்து, ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கூரை, தையல் மெஷின் என்று குடும்பத்துக்கு ஏற்றபடி மாறும்.

மரியாயின் சேனை: 1921-ல் அயர்லாந்தின் டப்ளினில் ஃபிராங்க் டஃப் என்ற அரசு ஊழியர் தொடங்கியது. நோயாளிகளை, தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது இவர்கள் வேலை. இவர்கள் பொருள் உதவி கொடுக்கக் கூடாது என்பது விதி! கையில் பையோடு போனால், வந்த ஆளை விட்டுவிட்டுப் பையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் இல்லையா? நேரத்தையும் காதையும் மட்டும் கொடுக்க வேண்டும்.

பங்குப் பேரவை, நிதிக்குழு: பங்கின் நிர்வாகத்தில் ஃபாதருக்கு ஆலோசனை சொல்பவர்கள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 1983-ல் வந்த திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

இவை தவிர இளைஞர் குழு, பாடகர் குழு, பீடச் சிறுவர்கள், பெண்களின் சுய உதவிக் குழுக்கள் என்று பங்குக்குப் பங்கு பட்டியல் மாறும்.

ஓர் உதவி நடக்கும் விதம்

ஒரு ஆட்டோ டிரைவர் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விபத்தில் அவருக்குக் கால் முறிந்துவிட்டது. மூன்று மாதம் வண்டி ஓட்ட முடியாது. மனைவி யாரிடமும் கை நீட்டிப் பழகாதவர். பையன் பிளஸ் டூ.

முதலில் அன்பியத்தில் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்வார். அது வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டத்துக்கு வரும். இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போவார்கள். தனி ஆளாகப் போகாமல் ஜோடியாகப் போவதுதான் ஆரம்பத்திலிருந்து வழக்கம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் கவனிப்பார். அரிசிப் பானை காலியா, மருந்துச் சீட்டு வாங்காமல் கிடக்கிறதா, பையன் ஸ்கூலுக்குப் போகிறானா? கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. ஒரு கூச்சமுள்ள மனுஷியிடம் 'வீட்டில் சாப்பாடு இருக்கா?' என்று கேட்டால் 'இருக்குங்க' என்றுதானே பதில் வரும்?

அடுத்த கூட்டத்தில் பார்த்ததைச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு மளிகை, பையனின் பரீட்சைக் கட்டணம், அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழி இருக்கிறதா என்று விசாரிக்க ஓர் ஆள் என முடிவாகும். நோட்டில் எழுதுவார்கள். இப்படித் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தைத் 'தத்தெடுத்த குடும்பம்' என்பார்கள். அந்தப் பெயர் கோயில் மைக்கில் வராது. வெளியே சொல்லக் கூடாது என்பது சபையின் ஒழுங்கு.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் அரிசி மூட்டையோடு நிற்கும் போட்டோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் என்ன ஆகும்? மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். போட்டோ அவன் காலேஜ் முடிக்கும் வரை யாரோ ஒருவர் போனில் இருக்கும்.

பணம் எங்கிருந்து வருது?

கூட்டம் முடியும்போது ஒரு துணிப் பை சுற்றி வரும். கையை உள்ளே விட்டு, முடிந்ததைப் போடலாம். யார் ஐந்நூறு போட்டார், யார் ஐந்து ரூபாய் போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. கையில் காசில்லாத உறுப்பினரும் தலை நிமிர்ந்து உட்கார முடிகிற ஏற்பாடு இது.

இது தவிர, கோயிலில் ஏழைகளுக்கென்று வைத்திருக்கும் உண்டியல், செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பக்தர்கள் போடும் காணிக்கை, பிறந்தநாள், நினைவுநாள் நன்கொடை எல்லாம் உண்டு. சில இடங்களில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசிப் பழக்கமும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில், ஒரு வேளை உணவையோ கறி மீனையோ விட்டு மிச்சம் பிடித்த காசு ஏழைகளுக்குப் போகும். வெளிநாட்டுக் கிளை ஒன்று இங்குள்ள கிளையோடு ஜோடி சேர்ந்து உதவும் ஏற்பாடும் இந்தச் சபையில் இருக்கிறது.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. பணத்தைச் சேர்த்துக் குவித்து வைக்கக் கூடாது. அது ஏழைகளின் பணம், பேங்கில் தூங்கக் கூடாது!

2004 சுனாமி மாதிரிப் பெரிய பேரிடர் என்றால் ஒரு பங்கால் சமாளிக்க முடியாது. அப்போது மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கங்களும், 1962-ல் தொடங்கிய கேரிட்டாஸ் இந்தியா போன்ற அமைப்புகளும் களத்தில் இறங்கும். அப்போதும் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

'மதம் மாத்தத்தான் இதெல்லாமா?'

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். வின்சென்ட் தே பவுல் சபையின் விதியில் பதில் தெளிவாகவே இருக்கிறது: மதம், இனம், பின்னணி பார்த்து உதவி செய்யக் கூடாது. தேவைதான் ஒரே தகுதி. 'கோயிலுக்கு வந்தா அரிசி' என்று யாராவது சொன்னால், அவர் சபையின் விதியையே மீறுகிறார். காலராவுக்குப் பிந்தைய பாரிஸ் தெருவுக்குப் போன மாணவர்களிடமும் பொறுமையாகப் பழகுங்கள் என்றுதான் ரோசலி சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சரியாகத்தான் நடக்குதா?

இல்லை. சில பிரச்னைகளைப் பேசியே ஆக வேண்டும்.

முதல் பிரச்னை சாதி. அன்பியம் தெருக்கணக்கில் பிரிகிறது. நம் ஊரில் பல இடங்களில் தெரு என்றாலே சாதிதான். திருச்சபைக்குள் தலித் கிறிஸ்தவர்கள் தீண்டாமையை அனுபவிக்கிறார்கள் என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. அரிசி எந்தத் தெருவுக்கும் போய்விடும். ஆனால், அந்த நோட்டை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் நாற்காலியில் எந்தத் தெருக்காரர் உட்காருகிறார்? ஒரு பங்கை எடைபோட நல்ல கேள்வி இது.

இரண்டாவது, பழகிப்போன உதவி. மாதாமாதம் அதே அரிசி, அதே குடும்பம், பத்து வருஷம். அந்தக் குடும்பம் சொந்தக் காலில் நிற்க வழி தேடாவிட்டால், உதவியே ஒரு கட்டுப்போட்ட கால் ஆகிவிடும். அதனால்தான் தையல் மெஷினும் படிப்புச் செலவும் அரிசியைவிட முக்கியமாகின்றன.

மூன்றாவது, வயசு. 20 வயசுக்காரர்கள் தொடங்கிய சபையின் கூட்டத்துக்குப் போனால் பல இடங்களில் நரைத்த தலைகளைத்தான் பார்க்க முடியும். இளைஞர்களுக்கு மனசு இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் முதலில் இறங்குவது அவர்கள்தான். வெள்ளம் வடிந்த பிறகும் வாராவாரம் வருவதுதான் கஷ்டம்.

நாம எடுத்துக்க வேண்டியது

எந்த மதமாக இருந்தாலும், மதமே இல்லாவிட்டாலும், உங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்பிலோ ஃப்ரெண்ட்ஸ் குரூப்பிலோ இதைச் செய்யலாம். உங்கள் தெருவில் கவனிப்பு தேவைப்படும் இரண்டு வீடுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பொருள் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசுங்கள், இரண்டு பேராக. என்ன வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒரு நோட்டில் வரவும் செலவும் எழுதுங்கள். கேமராவை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.

முக்கியமாக, அடுத்த வாரமும் போங்கள். முதல் நாள் சாப்பாடு கொடுக்க சாத்தியோனில் ஊரே வந்தது. வின்சென்ட் கவலைப்பட்டது இரண்டாவது நாளைப் பற்றித்தான்.