முதிய பூனையும் மணற்பெட்டியும்

தன் கழிவை மண்ணால் மூடும் வழக்கத்தைப் பூனைக்கு நாம் கற்பிக்கவில்லை. அதன் முன்னோராகிய ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையிடமிருந்து வந்த இயல்பு அது. வீட்டினுள் மணற்பெட்டி வைத்துப் பூனை வளர்க்க இடந்தந்ததும் அவ்வியல்பே. 1947-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எட்வர்டு லோ என்பவர் சாம்பலுக்குப் பதிலாக ஈரம் உறிஞ்சும் களிமண் துகள்களை அண்டைவீட்டுப் பெண்மணிக்குக் கொடுத்தார். அதிலிருந்து பெருந்தொழில் ஒன்று வளர்ந்தது.

மாணவச் செல்வங்களே! பல ஆண்டுகள் பெட்டியைத் தவறாது நாடிய பூனை, பத்து வயதைக் கடந்தபின் தரையை அசுத்தம் செய்தால் வீட்டார் சினந்து அடிப்பதுண்டு. நெடுங்காலம் வகுப்பறையில் பணியாற்றிய நான் கூறுவது இது: ஒழுங்கீனமாகத் தோன்றுவதெல்லாம் ஒழுங்கீனம் அன்று. கரும்பலகையில் எழுதியதைப் படிக்காத மாணவனுக்குக் கண்பார்வை குறைந்திருக்கலாம். பூனையின் செயலுக்கும் அவ்வாறே காரணம் தேடவேண்டும்.

முதுமையில் மூட்டுகள் நோவதால், உயர்ந்த விளிம்பைத் தாண்டுவது அதற்குத் துன்பம். சிறுநீரகம் தளர்ந்தால் உடலின் நீர் மிகுதியாக வெளியேறும். அக்குறையை ஈடுசெய்யப் பெருங்குடல் கழிவிலுள்ள நீரை மேலும் உறிஞ்சும், மலம் இறுகும். பெட்டியில் வலியை உணர்ந்த பூனை, வலிக்குப் பெட்டியே காரணம் என எண்ணி அதனை ஒதுக்கும். மலம் நெடுநாள் தேங்கினால் குடல் விரிந்து, சுருங்கும் ஆற்றலையே இழந்துவிடக்கூடும்.

ஆகவே தாழ்ந்த விளிம்புடைய, அகன்ற பெட்டியை எளிதில் எட்டும் இடத்தில் வையுங்கள். மணமூட்டாத மணலே நன்று. நாள்தோறும் அள்ளித் தூய்மை செய்யும்போது கழிவின் அளவையும் இறுக்கத்தையும் கவனியுங்கள். ஈரப்பதமுள்ள உணவு கொடுங்கள். நீர்க்கிண்ணங்களைப் பல இடங்களில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. முக்கும் பூனைக்கெல்லாம் மலச்சிக்கல் என முடிவு செய்யலாகாது. சிறுநீர்ப்பாதை அடைபட்டாலும் தோற்றம் இதுவே. ஆண் பூனைகளுக்கே இது பெரிதும் நேர்வது. ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கவல்லது. சிறுநீர் ஒரு துளியும் வராவிடில் அந்நேரமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. நம் வீட்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கவேண்டா. பாரசிட்டமாலைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரையும் அதைக் கொல்லக்கூடும்.