அடிக்கிற கை என்ன சொல்கிறது?

என் தம்பிக்கு 34 வயது. தீவிர ஆட்டிசம். பேச்சு கிடையாது, இரண்டு மூன்று ஒலிகள் மட்டும்தான். வலது மணிக்கட்டால் நெற்றிப்பொட்டில் தன்னையே அடித்துக்கொள்வான். சில நாள் நாலு அடியோடு நின்றுவிடும். சில நாள் அரை மணி நேரம் போகும். அந்த இடம் காய்த்துப்போய்விட்டது. நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு 68.

"ஏன் சார் அப்படி அடிச்சுக்கிறான்?" என்று யாராவது கேட்டால், பல வருஷம் நான் சொன்ன பதில் "ஆட்டிசம்" என்பதுதான். யோசித்தால் அது பதிலே இல்லை. புரோகிராம் ஏன் நின்றுபோச்சு என்று கேட்டதற்கு "அது கம்ப்யூட்டர், அதான்" என்று சொல்வது மாதிரி. ஆட்டிசம் உள்ள எல்லோரும் அடித்துக்கொள்வதில்லை. என் தம்பியும் எல்லா நேரமும் அடித்துக்கொள்வதில்லை. அப்படியானால் அந்த நேரத்தில் மட்டும் ஏன்?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் முக்கியமானவர் பிரையன் இவாட்டா. 1982-ல் அவரும் சகாக்களும் தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒவ்வொருவரையும் நாலு விதமான சூழ்நிலையில் 15 நிமிஷம், பலமுறை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில், அடித்துக்கொண்டால் உடனே யாராவது வந்து "வேண்டாம்பா" என்பார்கள். இன்னொன்றில் ஒரு வேலை கொடுப்பார்கள், அடித்துக்கொண்டால் வேலை நிற்கும். மூன்றாவதில் தனியாக விடுவார்கள். நாலாவது, சும்மா விளையாட்டு. 9 பேரில் 6 பேருக்குக் குறிப்பிட்ட ஒரு சூழ்நிலையில்தான் அடி அதிகமாக இருந்தது. அதுவும் ஆளுக்கு ஆள் வேறு வேறு சூழ்நிலை.

வெளியிலிருந்து பார்த்தால் அடி ஒன்றுதான், காரணம் ஒன்றல்ல. ஒருவருக்கு அது "என்னைப் பார்" என்பது. இன்னொருவருக்கு "இதை நிறுத்து". வேறொருவருக்கு யாரும் இல்லாவிட்டாலும் அந்த உணர்வே தேவையாக இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வைத்தியம் ஏன் பலிக்கவில்லை என்பது இங்கேதான் புரிகிறது.

வீட்டில் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, அது நிபுணர்கள் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. ஆனால் நோட்டுப் போடலாம். நான் 40 பக்க நோட்டு ஒன்றில் நாலு கட்டம் போட்டேன்: மணி, அதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம். கடைசிக் கட்டம்தான் எழுதக் கஷ்டம். அது நம்மைப் பற்றியது.

மூன்று வாரத்தில் இரண்டு கொத்து தெரிந்தது. ஒன்று, குளிக்கப் போகும் நேரம். இன்னொன்று, சாப்பாட்டின் நடுவில். குளியல் புரிந்தது, சாப்பாடு புரியவில்லை. அவனுக்குச் சாப்பாடு என்றால் உயிர். அப்புறம் அம்மாதான் சொன்னாங்க: "இட்லின்னா பேசாம சாப்பிடுறான்டா, முறுக்கு குடுத்தாத்தான் அடிக்கிறான்."

பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாயைத் திறக்க மாட்டான், அதனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்க முடிந்தது. வலது கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சொத்தை. எடுத்தபின் சாப்பாட்டு நேரத்து அடி நின்றுபோச்சு.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதமாக அவனுக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருந்தோம். கூட்டச் சொல்லி டாக்டரிடம் கேட்டது நான். பல்வலியோடு இருந்தவனை நான் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முதல் விதி: பேச முடியாத ஒருவருக்கு அடி திடீரென்று கூடினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, பெண்களுக்கு மாதவிடாய் வலி. மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோனை 2006-லும் அரிப்பிப்ரசோலை 2009-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. பலருக்கு உதவுகிறது. எடை கூடுவது போன்ற பக்கவிளைவும் உண்டு. ஆனால் சொத்தைப் பல்லை அது சரிசெய்யாது.

இனி குளியல். அவன் அடித்துக்கொள்வான், அம்மா பயந்து "சரி, நாளைக்குக் குளிச்சுக்கலாம்" என்பாங்க. அடி நிற்கும். அம்மா மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் அடித்தால் வேலை நடக்கும் என்று அவன் கற்றுக்கொண்டான். சரி, கண்டுகொள்ளாமல் விட்டால்? முதலில் அடி இன்னும் பலமாகும். தலையில் திரும்பத் திரும்ப அடித்தால் விழித்திரை கழன்று பார்வையே போகலாம். தனியாக வீட்டில் முயன்று பார்க்கிற காரியமில்லை.

1985-ல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் இருவரும் காட்டிய வழி வேறு. அடி எதைச் சம்பாதிக்கிறதோ, அதையே சுலபமாகச் சம்பாதிக்க இன்னொரு வழி கற்றுக்கொடு என்பதுதான் அது. குளியலறைக் கதவில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கவிட்டோம். அவன் கையைப் பிடித்து அதைத் தொடவைத்து, உடனே தண்ணீரை நிறுத்தினோம். ஆரம்பத்தில் ஒரு சொம்புக்கு ஒரு தடவை நிறுத்தம். இரண்டு மாதத்தில் அவனாகவே தொட்டான். இப்போது ஐந்தாறு சொம்பு தாங்குகிறான். தலைக்கு ஊற்றினால் இன்னமும் அடிதான்.

அடிக்கும் அந்த நிமிஷத்தில் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: பேச்சைக் குறைப்போம், டிவியை அணைப்போம், வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்புவோம், கைக்கும் தலைக்கும் நடுவே தலையணையைக் கொடுப்போம். குப்புறப் போட்டு அமுக்கவே கூடாது, மூச்சு நின்றுபோகும். அடிக்குப் பிறகு வாந்தி, அசாதாரணத் தூக்கம், கண்ணில் மாற்றம் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக ஒன்று. 18 வயது தாண்டினால் பெற்றோர் தானாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் 16 வருஷம் தாமதமாக இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறோம், என் பெயரில். கையெழுத்துப் போடும்போது அம்மா கேட்டாங்க, "அந்த நோட்டையும் பத்திரமா வச்சிருக்கியா?"

வைத்திருக்கிறேன். மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் யாரென்று தெரியாது. முறுக்கு விஷயம் அவருக்கும் தெரிய வேண்டும்.