ஐந்தாம் படிவத்துக்கு அப்புறம் யார் செலவு?

போன மாதம் லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளைக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். செம்பனை வெட்டும் தோழர் ஒருவரின் மனைவி வந்தார். "அண்ணே, மக எஸ்.பி.எம். நல்லா எழுதியிருக்கா, ஆறாம் படிவம் போகணுங்கிறா. சிலோன்ல பல்கலைக்கழகம் வரைக்கும் இனாமாமே, இங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். அன்றைக்கு அரைகுறையாகப் பதில் சொன்னோம். இப்போது முழுசாக எழுதுகிறோம்.

அம்மா சொன்னது உண்மைதான். இலங்கையில் கன்னங்கரா காலத்தில், 1945-ல், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. பாடநூல் 1980 முதலும் சீருடை 1993 முதலும் இலவசம். ஆனால் மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளோ துரைமார் கையிலேயே கிடந்தன. 1970-களில்தான் அரசு அவற்றை எடுக்கத் தொடங்கியது. சட்டம் வந்து முப்பது வருஷம் நம்ம சனம் வாசலுக்கு வெளியேதான் நின்றது. இன்றைக்கும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிகள் மலையகத்தில் குறைவு.

அரசு செலவழிக்கும் பணத்தைப் பார்ப்போம். நாட்டின் மொத்த உற்பத்தியை நூறு வெள்ளி என்று வையுங்கள். இலங்கை கல்விக்குப் போடுவது இரண்டு வெள்ளியைச் சுற்றியே. அதை ஆறாக்கு என்று 2012-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மலேசியா போடுவது ஏறக்குறைய நான்கு. கல்வி அமைச்சுக்கு 2025-ல் ஒதுக்கியது 6,410 கோடி வெள்ளி. (பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் போடுவது மூன்றுக்கும் கீழே. ஆனால் அவர்களுடைய நூறு வெள்ளி பெரிய நூறு, பிள்ளைகளும் கொஞ்சம். அதனால் ஒரு பிள்ளைக்கு விழும் காசு நம்மைவிட எவ்வளவோ அதிகம். விழுக்காட்டை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.)

அப்படியானால் நம் அரசு தாராளம்தானே? ஒரு பங்கு உண்மை. எங்கள் அண்ணன்மார் காலத்தில் மூன்றாம் படிவச் சோதனையில் தவறினால் நேரே வெட்டுக்காட்டுக்குத்தான். 1990-களில் அந்த வாசல் திறந்தது, எல்லாரும் ஐந்தாம் படிவம் வரை போகலாம் என்றானது. பாடநூல் இரவல் 2008 முதல் எல்லாருக்கும் உண்டு.

சிக்கல் ஐந்தாம் படிவத்துக்கு அப்புறம். மெட்ரிகுலேஷன் போனால் விடுதி உண்டு, மாதப் படியும் உண்டு. ஆனால் அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராவுக்கு. எஸ்.பி.எம்.மில் 10 'ஏ' எடுத்தவர்கள் எந்த இனமானாலும் சேரலாம் என்று 2024-ல் பிரதமர் அறிவித்தார். ஏழு, எட்டு 'ஏ' எடுக்கும் நம்ம பிள்ளைக்கு மிச்சம் ஆறாம் படிவம். ஒன்றரை வருஷம். வாத்தியார் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. விடியற்காலை தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போகும் வேன் காசை அப்பா கொடுக்க வேண்டும், குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில். அப்புறம் பல்கலைக்கழகம் என்றால் பி.டி.பி.டி.என். கடன். இலங்கையில் அந்தக் கடைசிப் படி இனாம், ஆனால் அந்தப் படி வரை ஏறி வரும் மலையகப் பிள்ளைகள் கொஞ்சம்தான்.

ஆகவே அம்மாவுக்கு எங்கள் பதில் இது: பள்ளிக்கூடத்துக்குக் காசு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரத்தான் காசு இல்லை. தோட்டத்து ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த கிளைக் கூட்டத்தில் வைக்கிறோம். இதே வழியில் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் பெயர் கொடுங்கள். அது வரும்வரை ஒரே வேனாகப் பேசிப் பார்க்கலாம்.