ரோமுக்குப் போகும் பிரதர்

பூவிருந்தவல்லியைத் தாண்டித்தான் பெங்களூரு நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறது. அந்தப் பூவிருந்தவல்லியில் 1936 முதல் திரு இருதயக் குருமடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் 2002-இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. சாமியாருக்குப் படிக்கும் பையன்களைப் பங்கு மக்கள் 'பிரதர்' என்பார்கள். நம் பிரதர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுக் குருமடங்களிலேயே படித்து முடிக்கிறார்கள். தமிழ்நாட்டு ஆயர்கள் சிலரை மட்டும் ரோமுக்கு அனுப்புவதுண்டு. அப்படிப் போகிறவர் அங்கே எப்படி ஊன்றுகிறார்?

ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து கொரியக்காரர்களையும் அவர்களுக்கான சாப்பாட்டுக் கடைகளையும் பார்த்து வருகிறோம். ஆனால் கம்பெனி வேலைக்குக் கடல் கடப்பவருக்கும் பிரதருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரதர் ஏஜெண்டைப் பிடிப்பதில்லை, ஊரைத் தேர்ந்தெடுப்பதுமில்லை. ஆயர் அனுப்புகிறார்; படிப்பு முடிந்ததும் அதே மறைமாவட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கேயே தங்கிவிடலாமே என்று உறவுக்காரர் சொல்லும் யோசனைக்கு இதில் இடமில்லை.

இந்தியா போன்ற நாடுகளின் குருமாணவர்கள் பலர் தங்குவது ரோமின் உர்பான் கல்லூரியில். எட்டாம் உர்பான் என்ற திருத்தந்தை 1627-இல் நிறுவியது. புனித பேதுரு பேராலயத்துக்கு அருகே ஜானிக்கோலோ குன்றில், உர்பானியானா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. ஆப்பிரிக்கரும் ஆசியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் இடம். சாப்பாட்டில் பாஸ்தா இல்லாத நாள் அபூர்வம். முதல் மாதத்தில் நம் ஆட்கள் ஏங்குவது ரசத்துக்குத்தான்.

இறங்கியதும் காகித வேலை. இத்தாலிக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் தபால் நிலையத்தில் கிடைக்கும். இது ஒரு தலைவலி, அவ்வளவுதான். உண்மையான சோதனை மொழி.

வகுப்பு இத்தாலியத்தில் நடக்கும். தேர்வுகள் பல வாய்மொழியாகவே இருக்கும். பேராசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கேட்பதற்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கிப் பழகிய கை அங்கே உதவாது.

ஒரு விஷயத்தில் தமிழன் கொடுத்து வைத்தவன். இத்தாலியத்தில் 'கபெல்லோ' என்றால் தலைமுடி, 'கப்பெல்லோ' என்றால் தொப்பி. ஒற்று இரட்டிப்பதில் பொருள் மாறுகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் இதில் தடுமாறுவார். 'படு'வுக்கும் 'பட்டு'க்கும் வித்தியாசம் தெரிந்த காதுக்கு இது பெரிய காரியமில்லை. தமிழன் விழுவது வேறிடத்தில். நமக்கு நாற்காலி அஃறிணை. அங்கே நாற்காலி பெண்பால், புத்தகம் ஆண்பால். போதாததற்குப் பெரியவரை மரியாதையாக அழைக்கும் சொல்லும் 'அவள்' என்பதற்கான சொல்லும் ஒன்றே. எழுபது வயது ஆண் பேராசிரியரை அப்படி அழைக்க முதலில் நாக்கு கூசத்தான் செய்யும்.

இந்தப் பாதையில் நமக்கு முன்னே நடந்தவர் தனிநாயகம் அடிகள். 1913-இல் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் கரம்பொனில் பிறந்தவர். கொழும்புக் குருமடத்தில் படித்துவிட்டு 1934-இல் ரோமுக்குப் போய், இதே உர்பானியானா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1938-இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்தது புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் குருக்களைப் பற்றி. தமிழ் பேசும் மாணவர்களைக் கூட்டி அவர் அங்கே ஒரு கழகமும் தொடங்கினார். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றவரின் பெயரையே அதற்கு வைத்தார்: வீரமாமுனிவர் கழகம். எனக்குப் பிடித்த செய்தி அடுத்தது. தமிழை முறையாக அவர் படித்தது ரோமிலிருந்து திரும்பி வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான். பிறகு 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1964-இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவர். வெளிநாட்டுப் படிப்பு பையனை ஊரிலிருந்து பிரித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

இறையியலில் முதல் கட்டம் மூன்று ஆண்டு; மேற்படிப்புக்கு மேலும் இரண்டு; அதற்கும் மேல் முனைவர் பட்டம். ஆகவே முதல் வருடத்திலேயே "எத்தனை மார்க்?" என்று போனில் கேட்காதீர்கள். அந்த வருடம் மொழிக்கே சரியாகப் போகும். "என்ன சாப்பிட்டாய், இத்தாலியத்தில் இன்று புதிதாக என்ன சொல் தெரிந்தது?" என்று கேளுங்கள், போதும். ரோம் நேரப்படி ஞாயிறு மதியம் கூப்பிடுவது நல்லது. அங்கே பிற்பகல் 2 மணி என்றால், ஒரகடத்தில் ரோமின் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30.